மறதிநோய் ஆய்வில் சமூகச் சூழலை அளத்தல்: வினாநிரலின் மொழியும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

முதுமையில் நினைவாற்றலும் பிற அறிதிறன்களும் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்வைத் தாமே நடத்திக்கொள்ள இயலாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுசெல்லும் நோய்த்தொகுதியை மருத்துவம் டிமென்ஷியா என வழங்குகிறது. மறதிநோய் என்னும் சொல் தமிழில் இதற்குப் பரவலாக ஆளப்படுகிறது. மூளைத் திசுக்களில் நிகழும் மாற்றங்களே இந்நோயின் நேர்க்காரணம் எனினும், கல்வி, தொழில், உறவுத் தொடர்பு, வாழிடத்தின் காற்று முதலிய புறக்கூறுகள் நோய் தோன்றும் வாய்ப்பையும் காலத்தையும் பாதிக்கின்றன என்பது கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளால் புலனாகியுள்ளது.

இப்புறக்கூறுகளுள் பலவும் குருதியழுத்தத்தைப் போலக் கருவி வைத்து அளக்கத்தக்கவை அல்ல. வினாக் கேட்டு விடை பெற்றே அளக்கப்படுகின்றன. நோயும்கூட, கள ஆய்வு நிலையில், பெரிதும் வினா விடை வழியே கண்டறியப்படுகிறது. எனவே, காரணம் எனக் கருதப்படுவதும் விளைவு எனக் கருதப்படுவதும் மொழி என்னும் ஒரே ஊடகத்தின் வழியே ஆய்வாளரை வந்தடைகின்றன. ஊடகத்தில் கோட்டம் இருப்பின் இரண்டும் ஒருங்கே கோணலாகும். இந்நிலையில், வினாநிரலை மொழிபெயர்ப்பவரின் பணி துணைப்பணி ஆகாது. அளவுகோலைத் திருத்தியமைக்கும் பணியாகவே அது அமைகிறது. இக்கருத்தை இந்தியாவில் நிகழ்ந்த சில ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. சூழற்கூறுகளும் அவற்றின் இருவகைத் தாக்கமும்

மறதிநோய்த் தடுப்புப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2017ஆம் ஆண்டில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. மாற்றத்தக்க 9 இடர்க்கூறுகளை அது பட்டியலிட்டது. 2020ஆம் ஆண்டு அறிக்கையில் தலைக்காயம், மிகுமது, காற்று மாசு ஆகிய மூன்றும் சேர்ந்து பட்டியல் 12 ஆயிற்று. 2024ஆம் ஆண்டு அறிக்கையில் கவனிக்கப்படாத பார்வைக் குறையும் மிகுகொழுப்பும் சேர்ந்து 14 ஆயிற்று. இக்கூறுகள் அனைத்தும் நீங்கினால் உலகில் 45 விழுக்காட்டு நோய் நிகழ்வுகளைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது மூன்றாம் அறிக்கையின் மதிப்பீடு. குறைந்த கல்வி, சமூகத் தொடர்பின்மை, காற்று மாசு ஆகிய மூன்றும் இப்பட்டியலில் உள்ள தெளிவான சமூக, சூழற்கூறுகள்.

இவற்றுள் கல்வியின் நிலை தனிக் கவனத்துக்குரியது. கல்வி இருவேறு வழிகளில் ஆய்வு முடிவைப் பாதிக்கிறது. முதலாவது, இளமையில் பெற்ற கல்வி மூளைக்கு ஒருவகைச் சேமிப்பாற்றலை அளிக்கிறது என்றும், அதனால் நோய் மூளையைத் தாக்கியபோதும் அறிகுறிகள் காலந்தாழ்த்தே வெளிப்படுகின்றன என்றும் கருதப்படுகிறது. அறிதிறன் சேமிப்பு என்னும் இக்கோட்பாட்டை யாக்கோவ் ஸ்டெர்ன் விரிவாக வளர்த்தெடுத்தார். இரண்டாவது, நோயைக் கண்டறியும் சோதனைகளே பள்ளிப் பழக்கத்தை வேண்டுவனவாக அமைந்திருப்பதால், கல்லாதவர் நோயின்றியும் குறைந்த மதிப்பெண் பெறுகிறார். முதல் வழி கல்வியின் உண்மையான தாக்கம். இரண்டாவது வழி கருவியின் பிழை. மதிப்பெண் பட்டியலில் இவ்விரண்டும் ஒரே எண்ணாகத் தோன்றும். இவற்றைப் பிரித்தறிவதே இத்துறையின் மையச் சிக்கல் எனலாம். இப்பிரிப்புக்கு மொழியியல் பகுப்பாய்வு எவ்வாறு துணைபுரியும் என்பதை அடுத்த பகுதி காட்டும்.

3. சோதனைக் கூறுகளின் மொழியியல் பகுப்பு

உலக அளவில் மிகுதியாகப் பயன்பட்ட அறிதிறன் சோதனை, ஃபோல்ஸ்டீன் இணையரும் மக்ஹியூவும் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு மனநிலைச் சோதனையாகும். இது 30 மதிப்பெண் கொண்டது. 24க்குக் குறைந்த மதிப்பெண் ஐயத்துக்குரியதாகக் கொள்ளப்படுவது வழக்கம். காலம், இடம் பற்றிய உணர்வுக்கு 10, சொற்களைக் கேட்டுச் சொல்லவும் பின்னர் நினைவுகூரவும் 6, கவனத்துக்கு 5, பெயர் கூறல், தொடரைத் திருப்பிச் சொல்லல், ஏவலை நிறைவேற்றல், படித்தல், எழுதுதல், வரைதல் ஆகியவற்றுக்கு 9 என மதிப்பெண்கள் பகிரப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் இயல்பாகத் தோன்றும் இக்கூறுகளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது எழும் சிக்கல்கள் வருமாறு:

(அ) திருப்பிச் சொல்லல். இதற்கென ஆங்கிலத்தில் அமைந்த தொடர், நிபந்தனை, இணைப்பு, எதிர்நிலை ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று இடைச்சொற்களை அடுக்கி, அவற்றுக்குப் பன்மை விகுதியும் சேர்த்து அமைந்தது. மனத்தில் படிமம் எதையும் தோற்றுவிக்காத, நாவுக்குச் சற்றே அரிய ஒலித்தொடரைக் கேட்டவாறு சொல்ல முடிகிறதா என்பதே அங்குச் சோதிக்கப்படுவது. தமிழில் நிபந்தனையும் இணைப்பும் பெரும்பாலும் ‘-ஆல்’, ‘-உம்’ என ஒட்டுகளாக வருவன, தனித்து நில்லா. எனவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது இயலாததோடு, இயன்றாலும் பயனற்றது. இங்குப் பெயர்க்க வேண்டியது பொருளன்று, பணி.

(ஆ) பின்னிருந்து எழுத்துக் கூட்டல். ஐந்து எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை கூறச் செய்து, எழுத்துக்கு ஒரு மதிப்பெண்ணாக 5 வழங்கப்படுகிறது. அச்சொல்லின் தமிழ்நிகரான ‘உலகம்’ நான்கெழுத்துச் சொல். அதைத் திருப்பினால் மெய்யெழுத்தில் தொடங்கும், மொழிக்கு முதலாகாத ஒலிக்கோவை கிடைக்கிறது. மேலும், ‘ல’ என்பது எழுதுவோருக்கு ஓர் எழுத்து. இலக்கணப்படி மெய்யும் உயிரும் கூடியது. திருப்ப வேண்டிய அலகு எது என்பதே இங்கு வரையறைக்கு உரியதாகிவிடுகிறது. எழுத்துக் கூட்டும் பழக்கம் ஆங்கிலப் பள்ளிக்கு இயல்பானது. அதை ஏனைய மொழியினரின் கவனத்தை அளக்கும் பொதுக்கோலாகக் கொள்ளல் பொருந்தாது.

(இ) எழுத்துவழிச் சொல்வளம். குறித்த எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் இயன்றவரை கூறச் சொல்வது இன்னொரு வகைச் சோதனை. ‘ப’ எனக் கூறினால் பகர வரிசை முழுதும் அடங்குமா, அகர ஈறு மட்டுமா என்னும் வினா தமிழில் எழும். எழுத்தறியாதவர்க்கு இச்சோதனையே பொருளற்றது. மொரைஸ் முதலியோர் போர்ச்சுகலில் நிகழ்த்தி 1979இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துப் பயிலாத பெரியோர் ஒரு சொல்லின் முதலொலியை நீக்கவோ சேர்க்கவோ பெரிதும் இயலாதவராய் இருப்பதையும், முதிய பருவத்தில் எழுத்துக் கற்றோர் அதைச் செய்ய வல்லவராய் இருப்பதையும் காட்டிற்று. சொல்லை ஒலிகளாகப் பகுக்கும் திறன் தானே வளர்வதன்று. எழுத்துப் பயிற்சியின் விளைவு. ஆகவே இச்சோதனையில் கல்லாதவர் பெறும் குறைந்த எண் அவர்தம் மூளையின் நிலையை அன்றிப் பள்ளியின்மையையே சுட்டும்.

(ஈ) மூன்று படி ஏவல். தாளை வலக்கையில் எடுத்தல், இரண்டாக மடித்தல், தரையில் வைத்தல் என்பன மூன்று தனி ஏவல்களாக ஆங்கிலத்தில் அடுக்கப்படுகின்றன. இயல்பான தமிழில் இவை ‘எடுத்து, மடித்து, வையுங்கள்’ என இரு வினையெச்சமும் ஒரு முற்றும் கொண்ட ஒரே வாக்கியமாகும். மூன்று முற்றுகளாக உடைத்துக் கூறின் ஒவ்வொன்றும் முடிந்தபின் கேட்பவர் செயல்படத் தொடங்கிவிடுவார். எச்சமாகத் தொடுத்துக் கூறின் இறுதி வினைவரை காத்திருப்பார். இவ்விரு வடிவங்களும் நினைவுக்குத் தரும் சுமை ஒன்றன்று.

(உ) காலவுணர்வு. மாதம் எது என்னும் வினாவுக்கு ஊர்ப்புற முதியவர் ‘ஆடி’ என விடை கூறலாம். ஆங்கில மாதத்தின் இடையில் தொடங்கும் தமிழ் மாதத்தைச் சரியாகக் கூறியவர் காலவுணர்வு குன்றாதவரே. பருவம் பற்றிய வினாவும் அவ்வாறே. நூல்வழக்கின் ஆறு பருவங்களையும், பேச்சுவழக்கின் கோடை, மழை, பனி என்னும் பகுப்பையும், வேளாண் பணிகளை ஒட்டிய காலப்பெயர்களையும் விடைக்குறிப்பு முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். இல்லையெனில் வினவுவோர் தத்தம் விருப்பப்படி மதிப்பெண் இடுவர்.

(ஊ) சொற்பட்டியல். பத்துச் சொற்களைக் கேட்டுச் சற்று நேரத்துக்குப்பின் நினைவுகூரச் செய்யும் சோதனை பல ஆய்வுகளில் இடம்பெறுகிறது. ஆங்கிலத்தில் இவை குறுகிய, அன்றாடச் சொற்கள். தமிழில் ‘பயணச்சீட்டு’ என்பதா, ‘டிக்கெட்டு’ என்பதா என்னும் தேர்வில் தூய்மை பற்றிய கருத்துக்கு இடமில்லை. சொல்லின் நீளமும் வழக்கின் அடர்த்தியுமே நினைவைப் பாதிப்பவை. ‘கடிதம்’ எனக் கேட்டவர் ‘லெட்டர்’ என நினைவுகூர்ந்தால் அதை ஏற்பதா, தள்ளுவதா என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். ஏற்பின் பொருள்நினைவும், தள்ளின் வடிவநினைவும் அளக்கப்படுகின்றன.

4. பல்லப்கர் ஆய்வு: கருவியைச் சூழலுக்கு இயைத்தல்

மேற்கண்ட சிக்கல்களை இந்தியச் சூழலில் முறையாக எதிர்கொண்ட முதன்மையான முயற்சி, அரியானா மாநிலத்துப் பல்லப்கர் வட்டாரத்தில் நிகழ்ந்த இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வாகும். மேரி கங்குலி, விஜய் சந்திரா முதலியோர் இதில் ஈடுபட்டனர். சிறு மனநிலைச் சோதனையின் இந்தி வடிவம் 1995ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெரும்பான்மையும் எழுத்தறியாத ஊரக முதியோருக்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. 1998இல் வெளியான பரவல் ஆய்வில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 5,126 பேர் அடங்கினர். அவர்களுள் 73.3 விழுக்காட்டினர் எழுத்தறியாதோர்.

இந்தி வடிவில் செய்யப்பட்ட மாற்றங்கள் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை. பின்னிருந்து எழுத்துக் கூட்டுவதற்கு மாற்றாக வார நாள்களைப் பின்னிருந்து கூறச் செய்தனர். கண்களை மூடுமாறு எழுதிய தாளைப் படித்துச் செயற்படுவதற்கு மாற்றாக, வினவுவோர் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்யச் சொல்லினர். வாக்கியம் எழுதுவதற்கு மாற்றாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் ஒன்றை வாயால் கூறச் செய்தனர். திருப்பிச் சொல்லும் தொடருக்கு ‘இங்குமில்லை அங்குமில்லை’ என்னும் பொருள்பட அமைந்த இந்தி வழக்குத்தொடர் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. இவை எவையும் அகராதிப்படி மொழிபெயர்ப்பு ஆகா. ஒவ்வொன்றிலும் மூலக்கூறு எந்தத் திறனைச் சோதிக்கிறது என முதலில் வினவி, அத்திறனை இந்தி பேசும் உழவர் தம் வாழ்வில் எங்குப் பயன்படுத்துகிறார் எனத் தேடி, அவ்விடத்திலிருந்து புதுக்கூறு எடுக்கப்பட்டுள்ளது.

அன்றாடச் செயல்திறனை அளப்பதற்கும் தனிக் கருவி தேவைப்பட்டது. மேலைநாட்டு அளவுகோல்கள் காசோலை எழுதுதல், தொலைபேசியைக் கையாளுதல் போன்ற செயல்களைக் கேட்கும். இவற்றை என்றும் செய்திராத ஒருவரிடம் இழப்பை அளக்க இயலாது. எழுத்தறிவையும் பணக் கணக்கையும் வேண்டாத அன்றாடச் செயல்களைக் கொண்டு இந்தியாவுக்கென ஓர் அளவை உருவாக்கப்பட்டு 1999இல் வெளியாயிற்று.

இவ்வாய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே எல்லா வகை மறதிநோயும் சேர்ந்த பரவல் வீதம் 1.36 விழுக்காடாக இருந்தது. மேலைநாட்டு வீதங்களோடு ஒப்பிட இது மிகக் குறைவு. நோயுற்றோரின் குறுகிய வாழ்நாள் முதலிய பல விளக்கங்கள் இதற்குக் கூறப்பட்டன. குறைவான எண் உண்மையில் குறைந்த நோயைக் குறிக்கிறதா, அளவீட்டின் தன்மையைக் குறிக்கிறதா என்னும் வினாவும் உடன் எழுந்தது.

5. வேலூர்: ஒரே ஊர், இருவேறு எண்கள்

இவ்வினாவுக்கு மறைமுகமாக விடை தந்தது 10/66 மறதிநோய் ஆய்வுக் குழுவின் பணி. நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் இருவர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அங்கு நிகழவில்லை என்பதைச் சுட்டவே குழுவுக்கு இப்பெயர் இடப்பட்டது. 2003இல் வெளியான இக்குழுவின் முன்னோடி ஆய்வு 25 மையங்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 2,885 பேரிடம் நிகழ்ந்தது. மறதிநோயாளர், மனச்சோர்வாளர், மிகுகல்வி பெற்றோர், குறைகல்வி பெற்றோர் என நால்வகையினர் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டனர். நோயாளருள் 94 விழுக்காட்டினரைக் குழு உருவாக்கிய முறை சரியாக இனங்கண்டது. நோயற்ற குறைகல்வியாளரை நோயாளர் எனத் தவறாகக் கொண்டது 6 விழுக்காட்டளவே. கல்வியால் விளையும் கருவிப்பிழையைச் சுருக்க இயலும் என்பதற்கு இது சான்றாயிற்று.

அம்முறையும், அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1994இல் வெளியிட்ட கையேட்டின் வரையறையும் ஒருங்கே பயன்படுத்தப்பட்ட ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஏழு நாடுகளின் 11 இடங்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 14,960 பேர் ஆராயப்பட்டனர். இந்தியாவில் சென்னை நகர்ப்புற இடமாகவும் வேலூர் வட்டாரம் ஊரக இடமாகவும் அமைந்தன. கையேட்டு வரையறைப்படி பரவல் வீதம் இந்திய ஊரகத்தில் 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3 விழுக்காடு. 10/66 முறைப்படியோ எல்லா இடங்களிலும் வீதம் 5.6 விழுக்காட்டுக்கும் 11.7 விழுக்காட்டுக்கும் இடையே அமைந்தது. அதாவது, வேலூர்ப் பகுதியின் அதே முதியோரிடையே ஓர் அளவுகோலின்படி நோய் ஏறத்தாழ இல்லை. மற்றோர் அளவுகோலின்படி பிற நாடுகளைப் போலவே உள்ளது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தேடுமிடத்து மொழியும் சமூகமும் சந்திக்கின்றன. கையேட்டு வரையறை, நினைவுக் குறையோடு, சமூக வாழ்விலும் தொழிலிலும் முன்னைய நிலையினின்று வீழ்ச்சி இருத்தல் வேண்டும் என்கிறது. இவ்வீழ்ச்சியை உடனுறைவோர் கூறினாலன்றி அறிய இயலாது. மொழியியலார் கள ஆய்வில் தகவலாளர் என வழங்கும் சொல்லே இங்கும் பொருந்தும். மருமகளோ மகனோ முதியவருக்குத் தகவலாளராகிறார். சமையல், கொடுக்கல் வாங்கல், கடைக்குச் செல்லல் ஆகிய பொறுப்புகளிலிருந்து முதியோர் மதிப்போடு விடுவிக்கப்படும் குடும்பத்தில், அவற்றைச் செய்ய இயலாமை கண்ணில் படாது. ‘வேலைகளைச் செய்ய முடிகிறதா?’ என்னும் வினாவுக்கு, ‘அவரை நாங்கள் வேலை செய்ய விடுவதில்லை’ என்னும் விடை அன்பைக் காட்டும், நோயை மறைக்கும்.

வினாவின் இலக்கண வடிவும் இங்குக் கருதத்தக்கது. ‘முன்போல் பெயர்கள் நினைவில் இல்லையா?’ என எதிர்மறையாகக் கேட்டால், தமிழில் ‘ஆமாம்’ என்பது எதிர்மறையை உடன்படும். ‘இல்லை’ என்பதும் அதே பொருளில் வரக்கூடும். ஆம், இல்லை என்னும் இரு கட்டங்களில் விடையைக் குறிக்கும் படிவத்தில் இது பிழைக்கு இடந்தரும்.

6. பெயரிடும் வழக்கு

தகவலாளரின் விடையை அவர்தம் மொழியிலுள்ள பெயர்களும் நெறிப்படுத்துகின்றன. இந்தியில் ‘சடியானா’ என்னும் வினை அறுபது என்னும் எண்ணுப்பெயரடியாகப் பிறந்தது. அறுபதை அடைந்து அறிவு தடுமாறுதலைக் குறிக்கும். கன்னடத்தில் ‘அரளு மரளு’ என்னும் இணைமொழி அறுபதாம் வயதோடு சேர்த்தே பழமொழியாக வழங்குகிறது. கேரளத்தில் இந்நிலையைச் சிறுபிள்ளைத்தனத்தோடு ஒப்பிட்டுச் ‘சின்னன்’ என்பதை அங்கு நிகழ்ந்த ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஈழத்தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்னும் வழக்கு உண்டு. இவை யாவும் நிலைமையை வயதின் இயல்பாகக் காட்டுவன. நோயாகக் காட்டுவன அல்ல.

தமிழில் ‘மறதி’ என்னும் சொல் திறவுகோலை வைத்த இடம் தெரியாமை முதல் பெற்ற மகளை அடையாளம் காணாமை வரை அனைத்தையும் தழுவும். ‘அவருக்கு மறதி உண்டா?’ என்னும் வினாவுக்கு ‘வயதானால் இருக்கத்தானே செய்யும்’ என்னும் விடை இயல்பாக எழும். எனவே வினாவைப் பெயர்ச்சொல்லால் அமைக்காமல் நிகழ்ச்சியால் அமைப்பது பொருத்தமுடையது. உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டாரா, பழகிய தெருவில் வழி தவறினாரா, எத்தனை மாதங்களாக என்பன போன்ற வினாக்களில் இயல்பு என்னும் தீர்ப்புக்கு இடம் குறைகிறது.

7. கல்வி, தனிமை, புகை

கல்வியை அளக்கும் எளிய வழி பள்ளியில் பயின்ற ஆண்டுகளை எண்ணுதல். ஆனால் ஓர் ஆண்டு என்பது எங்கும் ஒரே அளவினதன்று. நியூயார்க்கு நகரத்து முதியோரைப் பற்றி ஜெனிபர் மேன்லி முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டெண்ணிக்கையை மட்டும் கருதியபோது கறுப்பினத்தாருக்கும் வெள்ளையருக்கும் இடையே காணப்பட்ட மதிப்பெண் வேறுபாடு, படிக்கும் திறனைக் கருதியபோது பெரிதும் குறைந்தது. பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகளின் தரக்குறைவே இன வேறுபாடாகத் தோற்றமளித்தது என்பது இதன் பொருள்.

படிக்கும் திறனை அளக்கும் கருவி மொழிக்கு மொழி மாறும். 1982இல் ஹேசல் நெல்சன் வெளியிட்ட ஆங்கிலச் சோதனை, எழுத்துக்கும் ஒலிப்புக்கும் இயைபில்லாத 50 சொற்களைப் படிக்கச் செய்கிறது. முன்பே அறிந்தாலன்றி அவற்றைச் சரியாக ஒலிக்க இயலாது. நோய் தோன்றிய பின்னும் இவ்வறிவு ஓரளவு எஞ்சி நிற்பதால் முன்னைய திறன் மதிப்பிடப்படுகிறது. தமிழ் எழுத்துமுறையில் ஒலிப்பு பெரிதும் இடத்தால் முடிவாகிறது. வல்லெழுத்தின் ஒலிப்பு வேறுபடும் கடன்சொற்கள், சான்றாகத் தீவினையையும் உணர்ச்சியையும் ஒரே வடிவால் குறிக்கும் ‘பாவம்’ போன்றவை, சிலவே. எனவே அச்சோதனையைத் தமிழில் பெயர்க்க இயலாது. பணியொத்த வேறொன்றைத் தமிழின் இயல்பிலிருந்தே காண வேண்டும்.

சமூகத் தொடர்பின்மையை அளப்பதிலும் சொற்பொருட் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஒருவராக இருத்தலும் அதனால் துயருறுதலும் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படும். தமிழில் ‘தனிமை’ இரண்டையும் குறிப்பதோடு, விரும்பி ஏற்கும் ஏகாந்தத்தையும் குறிக்கும். நிறைந்த குடும்பத்தில் வாழும் மூதாட்டி ‘நீங்கள் தனிமையாக இருக்கிறீர்களா?’ என்னும் வினாவை வீட்டில் ஆள் உண்டா என்னும் பொருளில் கொண்டு ‘இல்லை’ என்பார்; பேசுவாரின்றி வாடுவதை அவ்விடை காட்டாது. இதனைத் தவிர்க்க 2004இல் அமெரிக்காவில் அமைந்த மூன்று வினாச் சுருக்க அளவை, துணையில்லை என்றும், விடுபட்டுப் போனதாகவும், பிரிந்து நிற்பதாகவும் உணர்வது எத்துணை அடிக்கடி நிகழ்கிறது எனக் கேட்கிறது. விடுபடுதலை ‘ஒதுக்கப்படுதல்’ எனப் பெயர்த்தால் வேறு இடர் தோன்றும். ஊர் ஒதுக்கம், சாதி ஒதுக்கம் என்னும் வழக்குகளால் அச்சொல் தண்டனைப் பொருள் பெற்றுள்ளது. ஒடுக்கப்பட்ட சமூகத்தாரும் பிறரும் ஒரே வினாவை இருவேறு வினாக்களாகக் கேட்பர்.

சூழல் மாசு பற்றிய வினாவும் இவ்வாறே. ‘புகை’ என்னும் சொல் அடுப்புப் புகையையும் புகையிலைப் பழக்கத்தையும் ஒருங்கே நினைவூட்டும். வாழ்நாள் முழுதும் விறகடுப்பில் சமைத்த மூதாட்டி ‘புகைப் பழக்கம் உண்டா?’ என்னும் வினாவுக்கு ‘இல்லை’ என்பது சரியான விடை. ஆனால் அவர் சுவாசித்த புகை பதிவாகாமற் போகிறது. எந்த அடுப்பு, எந்த எரிபொருள், சமையலறைக்குச் சாளரம் உண்டா, எந்த வயது முதல் எந்த வயது வரை எனப் பிரித்துக் கேட்டல் வேண்டும். நினைவு குன்றியவரிடம் நெடுங்கால நினைவைக் கேட்பதாலேயே, திருமணம், மகப்பேறு, புலம்பெயர்வு போன்ற வாழ்க்கை நிகழ்ச்சிகளை அடையாளமாக வைத்துக் கேட்பதும், உடன்வாழ்வோரிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதும் தேவையாகின்றன.

8. மொழியே சூழற்கூறாதல்

இதுவரை மொழி அளக்கும் ஊடகமாகக் கருதப்பட்டது. அதுவே அளக்கப்படும் கூறாகவும் அமைவதுண்டு. டொராண்டோவில் பயலிஸ்டாக் முதலியோர் 184 நோயாளரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியாளரிடம் நோய் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தாழ்த்தித் தோன்றியது. அங்கு இருமொழியாளருள் பலர் குடியேறியோர் ஆதலால் அவ்வேறுபாட்டின் காரணம் ஐயத்துக்குள்ளாயிற்று. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி முதலியோர் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இவ்வையத்தை ஓரளவு நீக்கியது. குடியேற்றம் காரணமன்றி, ஊரின் இயல்பாலேயே தெலுங்கும் உருதுவும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசப்படும் அந்நகரில், இருமொழியாளரிடம் நோய் 4.5 ஆண்டுகள் தாழ்த்தித் தோன்றியது. எழுத்தறியாதாரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டது. இரண்டுக்கு மேற்பட்ட மொழிகளால் கூடுதல் பயன் காணப்படவில்லை.

இவை மருத்துவமனைக்கு வந்தோரைப் பற்றியவை. நோயற்றோரைத் தொடக்கமுதல் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பாய்வு, இருமொழியத்தால் நோய் குறைவதாகக் காணவில்லை. முரண்பாட்டுக்கு ஒரு காரணம் இருமொழியாளர் என்பதன் வரையறையே ஆகலாம். சந்தையில் தெலுங்கைப் புரிந்துகொண்டு தமிழில் விடையிறுப்பவர், வழிபாட்டில் மட்டும் வடமொழி ஓதுபவர், நூல்வழக்கும் பேச்சுவழக்கும் பெரிதும் வேறுபட்ட ஒரே மொழியின் இரு வடிவங்களை இடமறிந்து மாற்றுபவர் ஆகியோரை எவ்வகையில் சேர்ப்பது? ‘எத்தனை மொழி தெரியும்?’ என்னும் ஒற்றை வினா இவ்வகைமையை அளக்காது. இதற்கான அளவையை வகுப்பது மொழியியலாரின் கடன்.

9. மொழிபெயர்ப்பு நெறிகள்

வினாநிரல் மொழிபெயர்ப்பில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை, 1970இல் பிரிஸ்லின் விளக்கிய மறுபெயர்ப்பு முறையாகும். பெயர்த்த படியை வேறொருவர் மூலமொழிக்குத் திரும்பப் பெயர்க்க, இரண்டும் ஒப்பிடப்படும். சொற்பிழையைக் காண இது உதவும். ஆயின் ‘தனிமை’ மூலச் சொல்லாகவே திரும்பி வந்துவிடுமாதலால், மூதாட்டி அதை எப்பொருளில் கொண்டார் என்பது தெரியவராது. மூலத்தை அறிந்த மொழிபெயர்ப்பாளர் இடறலான தொடரையும் மனத்துள் திருத்தியே பெயர்ப்பார் என்பதும் குறை. எனவே பின்வருவன உடன் தேவைப்படுகின்றன:

முதலாவதாக, ஒவ்வொரு கூறும் எதை அளக்கிறது என்னும் குறிப்பு மொழிபெயர்ப்பாளருக்கு வழங்கப்பட வேண்டும். இரண்டாவதாக, வரைவு வினாக்களைக் களத்தில் சிலரிடம் கேட்டு, அவர்கள் அவற்றை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் எனத் தம் சொற்களிலேயே கூறச் செய்ய வேண்டும். மூன்றாவதாக, வினவும் தொடர் பேச்சுவழக்கில், வட்டார வேறுபாட்டோடு அச்சிடப்பட வேண்டும். எழுத்துத் தமிழில் அச்சிட்டு, களப்பணியாளர் ஒவ்வொருவரும் தத்தம் வழக்கில் மாற்றிக்கொள்வது, வினவுவோர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கருவிகளைப் பெருக்குவதாகும். நான்காவதாக, சம திறனுடைய இரு குழுவினர் ஒரு குறிப்பிட்ட வினாவில் மட்டும் வேறுபடுகின்றனரா எனப் புள்ளியியல் வழி காணும் முறை உண்டு. அவ்வாறு வேறுபடும் வினாக்களை நீக்குவதோடு நில்லாமல், வேறுபாட்டின் மொழியியற் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும்.

10. முடிவுரை

இந்திய முதியோர் நலன் பற்றிய தேசிய நெடுங்கால ஆய்வின் உறுப்பாக அமைந்த மறதிநோய் ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆனோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் மதிப்பிட்டது. பெண்டிரிடத்தும் ஊரகத்திலும் வீதம் மிகுந்து காணப்பட்டது. பெண்டிரும் ஊரகத்தாரும் கல்வி குறைந்தோர் ஆதலால், இம்மிகுதியில் எவ்வளவு வாழ்வின் விளைவு, எவ்வளவு வினாவின் விளைவு என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. முதியோர் மருத்துவமனைகளும் பராமரிப்பு உதவித் திட்டங்களும் இத்தகைய எண்களைக் கொண்டே திட்டமிடப்படுகின்றன. 0.3 விழுக்காடு என்னும் எண்ணை நம்பும் மாவட்டத்தில், மாமியாரை இரவெல்லாம் காத்திருக்கும் மருமகளுக்கு உதவி கேட்க ஓர் இடமிராது. கல்லாமையை நோயாக எண்ணிய கருவியை நம்பும் மாவட்டத்தில், நலமுடைய மூதாட்டி நோயாளி எனப் பெயர் பெறுவார்.

ஆகவே, மறதிநோய் ஆய்வில் சமூகச் சூழலை அளப்பதற்கு முன், அளக்கும் மொழியை அளந்தறிதல் வேண்டும். வினாநிரல் உருவாகும் தொடக்க நிலையிலேயே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆய்வுக் குழுவின் உறுப்பினராக இடம்பெறுவதும், அவர்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் அதன் காரணமும் ஆய்வறிக்கையில் பதிவு பெறுவதும் இதற்கு வழிகோலும்.